கொழும்பு – இலண்டன் நேரடி விமானம்: தூரமும் நேரமும் உண்மையில் எவ்வளவு?

கொழும்பிலிருந்து புறப்பட்டு இடையில் எங்கும் இறங்காமல் இலண்டன் ஹீத்ரோவைச் சென்றடையும் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் சேவையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் உணவையும் இருக்கையையும் பற்றியே எழுதுகிறார்கள். அவை பற்றி நானும் சில வரிகள் எழுதுவேன். ஆனால் பயணச்சீட்டு வாங்கப் போகும் ஒருவருக்கு முதலில் தெரிய வேண்டியது, நேரடி விமானத்துக்காக அவர் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே. தங்கையின் குடும்பம் இலண்டனில் இருப்பதால் அம்மாவுடன் இந்த நேரடி விமானத்திலும் பயணம் செய்திருக்கிறேன். வளைகுடா நாடொன்றில் இறங்கி மாறும் வழியிலும் பயணம் செய்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நேரடி விமானத்தால் மிச்சமாவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் முதுமையின் தளர்ச்சி தொட்டுவிட்ட ஒருவர் பயணம் செய்வதாக இருந்தால், விலை ஓரளவு கூடினாலும் நேரடி விமானத்தையே எடுக்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை அல்ல என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையத்துக்கும் ஹீத்ரோவுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 8,710 கிலோமீற்றர். தட்டையான உலகப் படத்தில் கோலை வைத்துக் கோடு கீறினால் இந்தத் தூரம் சரியாகக் கிடைக்காது. உருண்டையான பூகோளத்தின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த நூல் எந்த வழியாகச் செல்கிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. அந்த நூல் செல்லும் இடங்களைப் பார்த்தால் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. கட்டுநாயக்கவிலிருந்து வடமேற்காகப் புறப்படும் அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, தூத்துக்குடிக்குச் சற்று வடக்கே தமிழ்நாட்டுக் கரையில் ஏறுகிறது. மதுரைக்கு மேற்கே தேனிப் பக்கமாகச் சென்று, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி மலையைத் தாண்டி, மங்களூருக்கு அருகே அரபிக்கடலில் இறங்குகிறது. அங்கிருந்து கோவாவைக் கரையோரமாக விட்டுவிட்டு பாகிஸ்தானின் தென்மேற்குக் கரையில் மீண்டும் நிலத்தைத் தொட்டு, ஈரானுக்குள் நுழைகிறது. பிறகு தெஹ்ரானுக்கு மிக அருகாகச் சென்று, காக்கேசிய நாடுகளையும் கருங்கடலையும் கடந்து, ருமேனியா, ஜேர்மனி வழியாக இலண்டனை அடைகிறது. விமானங்கள் இந்தக் கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. ஒவ்வொரு நாட்டின் வான்பரப்பிலும் வகுக்கப்பட்ட பாதைகளின் வழியே செல்கின்றன. இருந்தாலும் நேரம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கோட்டை மனத்தில் வைத்திருப்பது அவசியம்.

இனி, பலரும் பயணத்துக்கு முன்பு பார்க்கும் தூரக் கணிப்பு இணையத்தளங்களுக்கு வருகிறேன். இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் அவை உடனே சொல்லிவிடுகின்றன. தூரத்தைப் பொறுத்தவரை அவற்றை நம்பலாம். நகரின் மையத்திலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா என்பதால் ஏற்படும் சில பத்துக் கிலோமீற்றர் வேறுபாடு இவ்வளவு நீண்ட பயணத்தில் பொருட்படுத்தத் தக்கதல்ல. நேரத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. மணிக்கு 900 கிலோமீற்றர் என்ற ஒரே வேகத்தை எடுத்துக்கொண்டு வகுக்கும் தளம் கொழும்பு – இலண்டன் பயணத்துக்கு 9 மணித்தியாலம் 40 நிமிடம் என்று காட்டும். மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 805 கிலோமீற்றர் என்று எடுத்துக்கொண்டு, ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக அரை மணித்தியாலத்தைச் சேர்க்கும் தளம் அதே பயணத்துக்கு 11 மணித்தியாலம் 20 நிமிடத்தை ஒட்டிக் காட்டும். ஒரே இரு நகரங்கள், ஒரே தூரம், ஆனால் இடையில் ஒரு மணித்தியாலம் 40 நிமிட வேறுபாடு. இரண்டாவது விடை உண்மைக்கு நெருங்கி வருவது கணக்கின் நுட்பத்தால் அல்ல. குறைந்த வேகத்தை எடுத்துக்கொண்டதால், சொல்லாமல் விட்ட பல தாமதங்கள் தாமாகவே அதற்குள் அடங்கிவிடுகின்றன.

விடுபடுபவற்றில் முதன்மையானது காற்று. விமானத்தின் வேகம் என்பது அதைச் சூழ்ந்திருக்கும் காற்றுக்குச் சார்பானது. நிலத்தின் மேல் அது எவ்வளவு தூரத்தைக் கடக்கிறது என்பதை அந்தக் காற்று எந்தத் திசையில் நகர்கிறது என்பதே தீர்மானிக்கிறது. நமது பாதையின் பெரும்பகுதியில், பத்துப் பதினொரு கிலோமீற்றர் உயரத்தில், காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. குளிர்காலத்தில் ஈரானுக்கும் வட இந்தியாவுக்கும் மேலாக ஓடும் அந்த மேற்குக் காற்றாறு மணிக்கு 200 கிலோமீற்றரையும் தாண்டக் கூடியது. ஸ்ரீலங்கன் நிறுவனம் இந்தப் பாதையில் பயன்படுத்தும் எயார்பஸ் ஏ330 விமானம் சீரான உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 870 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கிறது. வழி நெடுகிலும் சராசரியாக 50 கிலோமீற்றர் எதிர்க்காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால் போவதற்கு 10 மணித்தியாலம் 35 நிமிடம் வேண்டும். அதே காற்று முதுகுப் பக்கமாக வீசினால் திரும்புவதற்கு ஒன்பதரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே போதும். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட இந்த வித்தியாசம் முழுவதும் காற்றினால் வருவது. போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் ஒரே எண்ணைக் காட்டும் தளம் எதுவாக இருந்தாலும் அது காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

விமான நிறுவனத்தின் நேர அட்டவணை இந்தக் கணிப்புகளைவிட நேர்மையானது. அட்டவணையில் உள்ள நேரம், விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கும் கணத்திலிருந்து மறுமுனையில் தரிப்பிடத்தில் நிற்கும் கணம் வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் அங்கே முறைக்காகக் காத்திருப்பதும் அதில் அடங்கும். ஹீத்ரோவைப் பொறுத்தவரை இது சிறிய விடயமல்ல. இரண்டே ஓடுபாதைகளைக் கொண்டு, கொள்ளளவின் எல்லையை ஒட்டி இயங்கும் விமான நிலையம் அது. இறங்க வரும் விமானங்கள் இலண்டனைச் சுற்றியுள்ள நான்கு இடங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட உயரங்களில், வட்டமிட்டுக் காத்திருக்கின்றன. பயணியின் முன்னால் உள்ள சிறு திரையில் அந்த வட்டத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். விமானத்தின் சின்னம் எசெக்ஸ் மாவட்டத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த இடத்துக்கே மீண்டும் வரும். சேருமிடத்துக்கு எஞ்சியுள்ள தூரம் குறைந்து, கூடி, மறுபடி குறையும். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, “திரும்பிப் போறமோ, தம்பி?” என்று என் கையைப் பிடித்தது நினைவிருக்கிறது. இவை எல்லாவற்றையும் சேர்த்து, கொழும்பிலிருந்து போவதற்குப் பதினொரு மணித்தியாலத்தை ஒட்டிய நேரம் என்றும், திரும்பி வருவதற்கு அதைவிடச் சற்றுக் குறைவு என்றும் வைத்துக்கொள்வதே சரியான எதிர்பார்ப்பு.

பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் மணிகளைக் கழித்துப் பார்ப்பவர்கள் குழம்பிப்போவது இன்னொரு காரணத்தால். பிற்பகலில் புறப்பட்டு அதே நாள் மாலையில் இறங்குவதாகச் சீட்டு சொல்லும். கழித்துப் பார்த்தால் ஐந்தாறு மணித்தியாலப் பயணம் போலத் தோன்றும். இலங்கையின் நேரம் கிறீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. பிரித்தானியா மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பதால், கோடையில் வேறுபாடு நான்கரை மணித்தியாலமாகவும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமாகவும் இருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் இதை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மேற்கு நோக்கிப் போகும் நாள் இருபத்தெட்டு, இருபத்தொன்பது மணித்தியாலமுள்ள ஒரு நீண்ட நாள்.

அண்மைக் காலத்தில் இந்தப் பாதையின் நேரத்தைக் கூட்டும் இன்னொன்று போர். முன்பு சொன்ன நூலை நினைவில் கொள்ளுங்கள்: அது ஈரானுக்கு மேலாகவும் கருங்கடலுக்கு மேலாகவும் செல்கிறது. 2022 பெப்ரவரி 24 முதல் உக்ரேனின் வான்பரப்பு பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் இடையே மோதல் வெடித்தபோது ஈரான், ஈராக், ஜோர்தான் ஆகிய நாடுகளின் வான்பரப்பும் மூடப்பட்டது. அதே மாதம் 23 ஆம் திகதி மாலை கட்டாரும் சில மணித்தியாலங்களுக்குத் தன் வான்பரப்பை மூடியது. ஈரானைத் தவிர்த்து, மஸ்கற் பக்கமாகவும் கெய்ரோ பக்கமாகவும் வளைந்து போவதாக வைத்துக் கணக்கிட்டால் தூரம் 9,200 கிலோமீற்றரைத் தாண்டுகிறது. அதாவது 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்று, நாற்பது நிமிடத்தை ஒட்டிய கூடுதல் நேரம். இங்கே நேரடி விமானத்துக்கு ஓர் உண்மையான அனுகூலம் இருக்கிறது. வழி மூடினால் நேரடி விமானம் சுற்றிப் போய்ச் சேரலாம். மாறும் விமான நிலையமே மூடினால், இடையில் இறங்கிய பயணி அங்கேயே தங்கிவிடுவார்.

எதிர்ப்பக்கமாகவும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 2022 இல் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது கட்டுநாயக்கவில் போதிய விமான எரிபொருள் இருக்கவில்லை. மெல்பேர்ன், பாரிஸ், பிராங்பேர்ட் போன்ற நகரங்களுக்குப் புறப்பட்ட ஸ்ரீலங்கன் விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. ஐரோப்பாவுக்குப் போகும் நூல் தென்னிந்தியாவின் மேலாகவே செல்வதால் தூரத்தில் பெரிய இழப்பு இல்லை: திருவனந்தபுரத்தில் இறங்கி இலண்டனுக்குப் போவதாக வைத்தாலும் கூடுவது நாற்பது கிலோமீற்றர் அளவே. ஆனால் இறங்கி, நிரப்பி, மீண்டும் ஏறுவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். கிலோமீற்றருக்கும் மணித்தியாலத்துக்கும் எவ்வளவு தொடர்பு குறைவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதே கணக்கை வளைகுடா வழிக்குப் போட்டுப் பார்த்தால்தான் இந்த மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறோம். கொழும்பிலிருந்து டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர். டுபாயிலிருந்து இலண்டன் சுமார் 5,500 கிலோமீற்றர். கூட்டினால் 8,790. நேரடித் தூரத்தைவிட எழுபது, எண்பது கிலோமீற்றர்தான் அதிகம். வெள்ளவத்தையிலிருந்து நீர்கொழும்புக்குப் போய் அரைவழி திரும்பினால் கடக்கும் தூரம். டோஹா வழியாகப் போனாலும் 8,850 கிலோமீற்றரே, அதாவது 140 கிலோமீற்றர் அளவு அதிகம். நூறு கிலோமீற்றருக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோமீற்றர் என்ற விகிதம். வளைகுடா விமான நிறுவனங்கள் நம் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் பயணிகளை இந்த அளவுக்குக் கவர்ந்ததற்குப் புவியியலும் ஒரு காரணம்: அவர்களின் நகரங்கள் நம் நேர்வழியிலிருந்து மிகச் சிறிதளவே விலகி அமைந்திருக்கின்றன. சிங்கப்பூர் வழியாக இலண்டனுக்குப் போவதை யாரும் விரும்பாததும் அதே காரணத்தால்தான்.

தூரம் இவ்வளவு சமமாக இருந்தும் நேரம் சமமாக இல்லை. கொழும்பிலிருந்து வளைகுடாவுக்கு நாலரை முதல் ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து இலண்டனுக்கு ஏழு மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு முறை ஏறுவதும் இரண்டு முறை இறங்குவதும் சேர்வதால் பறக்கும் நேரமே நேரடி விமானத்தைவிட ஒரு மணித்தியாலம் கூடிவிடுகிறது. இடைத்தங்கல் நேரம் மிகக் குறைந்தது இரண்டு மணித்தியாலமாவது வேண்டும். மலிவான சீட்டுகளில் அது ஐந்து, ஆறு என்று நீளும். ஆக மொத்தம் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறைவாக முடிவது அரிது.

இளையவர்களுக்கு இந்த நாலைந்து மணித்தியாலம் பெரிய இழப்பல்ல. காலை நீட்டி நடக்கலாம், சூடாக ஒரு தேநீர் குடிக்கலாம், பதினொரு மணித்தியாலம் ஒரே இருக்கையில் முடங்கியிருப்பதைவிட அது நல்லது என்று சொல்பவர்களையும் அறிவேன். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வயதானவர்களின் நிலை வேறு. வளைகுடா விமான நிலையமொன்றில் நாங்கள் இறங்கியபோது உள்ளூர் நேரம் நள்ளிரவு தாண்டியிருந்தது. விமானம் முனையக் கட்டடத்தோடு இணையும் நடைபாலத்தில் நிற்காமல் வெளியே தொலைவில் நின்றது. செங்குத்தான படிகளில் இறங்கிப் பஸ்ஸில் ஏற வேண்டும். முன்கூட்டியே பதிவு செய்திருந்த சக்கர நாற்காலி விமான வாசலுக்கு வரவில்லை. கட்டடத்துக்குள் கிடைக்கும் என்றார்கள். அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் சேலைக் கொசுவத்தையும் பிடித்தபடி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள், ஆனால் அவருக்கு அந்தக் காத்திருப்பே கூச்சமாக இருந்தது. உள்ளே மறுபடியும் பாதுகாப்புச் சோதனை: செருப்பைக் கழற்றி, கைப்பையைத் தட்டில் வைத்து, கழற்ற வராத வளையல்களுக்காகத் தனியே நிறுத்தி மீண்டும் சோதித்தார்கள். வரிசைகளும் அறிவிப்புகளும் அவர் அறியாத மொழிகளில் இருந்தன. நான் உடன் இருந்தேன். தனியாக வரும் ஒரு தாய்க்கு அந்த இரண்டு மணித்தியாலம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிள்ளைகளிடம் தனியே புறப்படும் தாய்மார் எத்தனையோ பேர்.

நேரடி விமானத்தில் இவை எதுவும் இல்லை. கட்டுநாயக்கவில் ஒரு சக்கர நாற்காலி, ஹீத்ரோவில் ஒரு சக்கர நாற்காலி, இடையில் ஓர் இருக்கை. கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது இதுதான்.

விமானத்துக்குள் உள்ளவற்றைச் சுருக்கமாகவே சொல்லப் போதுமானது. சாதாரண வகுப்பில் இருக்கைகள் இரண்டு, நான்கு, இரண்டு என்ற ஒழுங்கில் உள்ளன. இருவராகப் பயணம் செய்பவர்களுக்கு இது மிக நல்ல அமைப்பு, ஏனென்றால் யன்னலோர இரட்டை இருக்கையை எடுத்துக்கொண்டால் அந்நியர் எவரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். நடுவில் உள்ள நான்கில் இடையிலுள்ள இரண்டு இருக்கைகளைப் பெரியவர்களுக்கு எடுக்கவே கூடாது. பதினொரு மணித்தியாலம் காலை மடக்கியிருப்பது காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதற்கு வழிவகுக்கும் என்பதால், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடக்க வேண்டும். தண்ணீர் அடிக்கடி குடிக்க வேண்டும். சைவ உணவு வேண்டுவோர் புறப்படுவதற்கு ஒரு நாளுக்கு முன்பாவது ஆசிய சைவ உணவு என்று பதிவு செய்துகொள்வது நல்லது. விமானத்துக்குள் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வாசலில் “ஆயுபோவன், வணக்கம்” என்ற வரவேற்பும், சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அடுத்துத் தமிழிலும் வரும் அறிவிப்பும் இந்தச் சேவையின் சிறப்பு. பணியாளர்கள் எல்லோரும் தமிழ் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இருக்கைப் பட்டியைக் கட்டச் சொல்லும் குரலைத் தன் மொழியில் கேட்டதும் அம்மாவின் தோள்கள் தளர்ந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். உலகத்தில் வேறு நிறுவனங்களின் இருக்கை அகலமாக இருக்கலாம், திரை பெரிதாக இருக்கலாம். இதற்கு ஈடான ஒன்றை அவை எனக்குத் தரவில்லை.

நிலத்தில் கழியும் நேரத்தைச் சேர்க்காத கணக்கு முழுமையான கணக்கல்ல. 2013 இல் கொழும்பு – கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்படும் முன்பு, நீர்கொழும்பு வீதி நெரிசலில் வெள்ளவத்தையிலிருந்து விமான நிலையத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம் ஒதுக்க வேண்டியிருந்தது. இப்போது பேலியகொடையில் ஏறிவிட்டால் மீதி 25 கிலோமீற்றர் சுலபம். பேலியகொடை வரை போவதுதான் பாடு. பிற்பகல் விமானம் என்பதால் காலை அலுவலக நெரிசல் தணிந்த பிறகு புறப்படலாம் என்பது கொழும்புவாசிகளுக்கு வசதி. யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்களுக்கு 400 கிலோமீற்றர் வீதிப் பயணம், எட்டு மணித்தியாலத்தை ஒட்டிய நேரம், இதற்கு முன்பு இருக்கிறது. இரவு பஸ்ஸில் ஏறி விடியற்காலையில் வந்து இறங்கி, அன்று பிற்பகலே விமானம் ஏறுவது இளையவர்களுக்கு முடியும். பெரியவர்களை ஒரு நாள் முன்பாகவே அழைத்து வந்து உறவினர் வீட்டில் நன்றாக உறங்கவிட்டுப் பிறகு அனுப்புவதே முறை. அந்த ஒரு இரவு உறக்கத்துக்காகச் செலவிடும் நாள், எந்த இணையத்தளமும் காட்டாத நாள்.

இலண்டன் பக்கத்தில் விமானம் ஹீத்ரோவின் மூன்றாம் முனையத்தில் நிற்கிறது. அங்கிருந்து ஹரோ போன்ற வடமேற்குப் பகுதிகளுக்குக் காரில் போவதே எளிது. ஈஸ்ட் ஹாம் பக்கம் போவோருக்கு 2022 மே மாதத்தில் திறக்கப்பட்ட எலிசபெத் தடம் என்ற ரயில் பாதை பெரிய உதவி. வைட்சப்பல் நிலையத்தில் மாறிச் செல்லலாம். மாலையில் இறங்கி, குடிவரவு வரிசையைக் கடந்து, பொதிகளை எடுத்து, வீடு சேர இரவாகிவிடும். உடலின் கடிகாரம் அப்போது கொழும்பின் நள்ளிரவைத் தாண்டிக் காட்டுவதால், சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கைக்குப் போகலாம். நேரம் மாறியதால் வரும் தூக்கக் குழப்பம் மேற்கு நோக்கிய பயணத்தில் குறைவாக இருப்பதற்கு இந்த மாலை நேர வருகையும் துணை செய்கிறது.

இதே அளவுகோலால் வேறு நகரங்களையும் பார்க்கலாம். பாரிஸ் சுமார் 8,500 கிலோமீற்றர். அங்கும் நேரடிச் சேவை உண்டு, இலண்டனுக்குச் சொன்னவை ஏறத்தாழ முழுவதும் அதற்கும் பொருந்தும். மெல்பேர்ன் சுமார் 8,350 கிலோமீற்றர். இலண்டனும் மெல்பேர்னும் எதிரெதிர்த் திசைகளில் நமக்கு ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கின்றன. அந்த இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் சுமார் 16,900 கிலோமீற்றர். கொழும்பு வழியாகப் போனால் 17,100 கிலோமீற்றரைக்கூடத் தொடுவதில்லை. இரு நகரங்களிலும் உடன்பிறந்தவர்கள் வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஒருவரையொருவர் பார்க்கப் போகும் வழியில் கொழும்பில் சில நாள் நின்று போவதால் அவர்களுக்குத் தூரத்தில் இழப்பே இல்லை என்பதை அவர்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும்.

ரொறன்ரோ வேறு வகை. கொழும்பிலிருந்து நேர்வழியே சுமார் 14,000 கிலோமீற்றர். இந்தப் பாதைகளில் பறக்கும் ஏ330 விமானத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட தூரம் அது. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றரை ஒரே மூச்சில் கடக்கும் விமானங்கள் இருப்பதால் தொழில்நுட்பம் தடையல்ல. கொழும்பில் அத்தகைய சேவை இல்லை, அவ்வளவுதான். இலண்டன் வழியாகப் போனாலும் டுபாய் வழியாகப் போனாலும் மொத்தத் தூரம் 14,400 கிலோமீற்றரை ஒட்டியே வருகிறது. எனவே ரொறன்ரோவுக்குப் பெற்றோரை அனுப்புபவர்கள் தூரத்தை ஒப்பிட்டு நேரத்தை வீணாக்காமல், எந்த இடத்தில் மாறுவது அவர்களுக்கு எளிது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். இலண்டனில் உறவினர் இருந்து, விசாவும் கிடைக்குமானால், நேரடி விமானத்தில் அங்கே போய்ச் சில நாள் தங்கிவிட்டு மீதிப் பயணத்தைத் தொடர்வது வயதானவர்களுக்கு மிகவும் இதமான வழி.

விலையைப் பற்றி எண்களைத் தர விரும்பவில்லை. வாரத்துக்கு வாரம் மாறுபவை அவை. ஜூலை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் டிசம்பரிலும் நேரடிச் சீட்டின் விலை மிக உயர்கிறது. 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு அந்த உயர்வு ரூபாயில் எண்ணுபவர்களுக்கு இன்னும் கனமாக இருக்கிறது. விலையை ஒப்பிடும்போது வெறும் சீட்டின் விலையை மட்டும் பார்க்காமல், இடைத்தங்கல் எத்தனை மணித்தியாலம், எந்த வேளையில், இரண்டு விமானங்களும் ஒரே சீட்டில் உள்ளனவா என்பவற்றையும் முகவரிடம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். தனித்தனிச் சீட்டுகளாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது விமானத்தின் பணம் முழுவதும் போய்விடும். தனியாகவோ நண்பர்களோடோ போகும் இளையவர் ஒருவருக்கு, விலை வித்தியாசம் கணிசமாக இருந்தால், வளைகுடா வழியையே நான் பரிந்துரைப்பேன். கைக்குழந்தையோடு போகும் தாய்க்கும், முழங்கால் வலியோடு போகும் பெரியவருக்கும், ஆங்கிலம் தெரியாமல் தனியே போகும் எவருக்கும் நேரடி விமானத்தைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

திரும்பும் பயணம் இரவில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு மறுநாள் நண்பகலை ஒட்டிக் கட்டுநாயக்கவை அடைகிறது. காற்று உதவுவதால் நேரம் குறைந்தாலும், உறங்கக் கிடைக்கும் இரவும் அதனோடு சேர்ந்து குறைகிறது, வானத்திலேயே விடிந்துவிடும். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போக வேண்டியவர்கள் அன்றிரவே பஸ் ஏறலாம் என்று திட்டமிடுவதற்கு இந்த நண்பகல் வருகை இடம் தருகிறது. சக்கர நாற்காலி தேவைப்படுவோர் அதைச் சீட்டு வாங்கும்போதே, போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாகப் பதிவு செய்து, பதிவான விவரம் சீட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.